சிவந்தியின் கவுனில் நான் போட்ட நீலம்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1953 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை.

பினாங்கில் இருக்கும் என் மகன் ஹென்றிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் மகள் ஆலிஸ் நன்றாக இருக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள், உன் கடுதாசி வந்த நாளிலிருந்து சிரிப்பு மட்டும் குறைந்துவிட்டது. நீயும் அடைக்கலமேரியும் பையன்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் முதல் பூசையில் வேண்டிக்கொண்டு வந்தேன், வந்த கையோடு பென்சிலை எடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. இரண்டாம் வகுப்போடு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், யார் அனுப்பினார்கள், அன்றைக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை, ஆனால் அது வேறு கதை. ஆலிஸை எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். இதை அவளை வைத்து எழுத முடியாது, விஷயம் அவளைப் பற்றியது, அதோடு நான் செய்த தப்பு ஒன்றும் இதில் இருக்கிறது, அதை இன்னொருத்தர் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இங்கே மழை இல்லை, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, துறைமுகத்துக் கரித்தூள் கொடியில் காய்கிற துணியிலெல்லாம் வந்து உட்காருகிறது. டிராமை நிறுத்திவிட்டார்கள், தெரியுமா, அந்தத் தண்டவாளத்தைப் பார்த்தால் எனக்கு ஏனோ கோபம்தான் வருகிறது. சரி, உன் கடுதாசிக்கு வருகிறேன். ஜூலை மாதம் நீ எழுதியதை நான் மூன்று தடவை படித்தேன். ஊரார் உடம்பில் டேப்பு வைத்து அளக்கிற பிழைப்பு நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம், மீன்காரிக்குக் கவுன் தைத்தாள் என்று இங்கே வரைக்கும் பேச்சு வந்துவிட்டது, மவுண்ட் ரோடு கடை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாசக் கப்பலில் அவளை அனுப்பு, இங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைக்கார அம்மாவோ தகப்பன் கையெழுத்து இல்லாமல் கல்யாணமாகாத பெண்ணை வேலைக்கு வைக்க மாட்டேன் என்கிறாள். ஆக அந்த வேலை உன் ஒரு கையெழுத்தில் நிற்கிறது. நீ போட மாட்டேன் என்கிறாய். உனக்குப் பேச்சு எழுதி அனுப்பினவர் யார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் பாதிதான் எழுதியிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் முடிவு சொல்.

காசிமேட்டில் மீன் விற்கிற சிவந்தியை உனக்குத் தெரியாது, நீ கப்பல் ஏறும்போது அவள் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பிள்ளை. நம் கோயில் பெண்தான். பேர்தான் சிவந்தி, ஆள் நல்ல கறுப்பு, பிறந்தபோது எந்த வெளிச்சத்தில் பார்த்துப் பேர் வைத்தார்களோ. அவளுக்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கிற லூயிஸ் என்கிற பையனோடு மே மாதம் இருபதாம் தேதி பூசை என்று கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். நம் தெருவில் கல்யாணம் என்றால் கவுனுக்கு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று உனக்குத் தெரியும். டோரத்தி. அவள் புருஷன் ரயிலில் கார்டு உத்தியோகத்தில் இருந்தபோது கல்கத்தாவிலிருந்து வாங்கி வந்த அந்த ஒரு வெள்ளை சாட்டின் கவுன், முப்பது வருஷமாக இந்தக் கோயில் கல்யாணப் பெண்களெல்லாம் அதற்குள்தான் நுழைந்து வெளியே வருகிறார்கள், ஒருத்திக்குப் பிடிப்பார்கள், ஒருத்திக்குப் பிரிப்பார்கள். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது அவள் இஷ்டம். சிவந்தியின் அம்மா போய்க் கேட்டதற்கு, சாட்டின் நைந்துபோயிருக்கிறது, மீன் கவிச்சி ஏறினால் போகாது என்றாளாம். அந்தப் பொம்பளை அழுதுகொண்டே நம் வாசல் வழியாகப் போனாள். ஆலிஸ் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அழாத அத்தை, சிவந்திக்கு நான் வெட்டித் தரேன், யாரும் போட்டுக் கழட்டாத கவுன், அவளுக்குன்னே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜாக்கெட்டு, ஃபிராக்கு என்று தைத்துக்கொண்டிருந்த பெண், கல்யாணக் கவுனைத் தொட்டதே இல்லை.

அவள் தையல் கற்றுக்கொண்ட விதத்தை நான் உனக்கு இதுவரைக்கும் எழுதவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் துரைசானிகள் ஊருக்குப் போகும்போது தூக்கிப் போட்ட ஃபிராக்குகளை நான் வாங்கி வருவேன், வீடு துடைக்க ஆகும் என்று. இவள் அதைத் துடைக்க விட மாட்டாள். ஒவ்வொரு தையலாகப் பிரிப்பாள், துண்டு துண்டாகத் தரையில் பரப்புவாள், பழைய பேப்பரில் வைத்து வரைவாள், அப்புறம் மறுபடி சேர்த்துத் தைப்பாள். கை எங்கே வளைகிறது, இடுப்பில் எங்கே துணியைச் சுருக்கித் தையலுக்குள் தின்னவைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லிக் காட்டுவாள், எனக்கு ஒன்றும் புரியாது, ஆமாம் ஆமாம் என்பேன். ஐந்து வருஷம் இப்படிப் பிரித்திருக்கிறாள். நம் வீட்டுப் பெண் டேப்பைத் தூக்கிக்கொண்டு திடீரென்று கிளம்பிவிட்டாள் என்று நினைத்துவிடாதே.

கோடவுன் தெருவில் ரஹீம் பாய் கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம், நான், ஆலிஸ், சிவந்தி. பாய் கல்யாணத் துணி என்றதும் தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக ஒரு சாட்டினை விரித்துப் போட்டார். இதற்கு மேல் வெள்ளை மெட்ராஸிலேயே இல்லை என்றார். ஆலிஸ் ஒரு முனையைப் பிடித்துச் சிவந்தியையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்றாள். அந்தப் பெண் கழுத்தில் துணியை வைத்துப் பார்த்தாள். இது வேணாம், உன்னைச் சாம்பல் பூசின மாதிரி காட்டுது என்றாள். பாய் இன்னொரு வெள்ளை கொடுத்தார், அதுவும் வேண்டாம். நாலாவதோ ஐந்தாவதோ, அடியில் கிடந்ததை அவளே இழுத்தாள், சீம்பால் நிறம், எனக்குப் பார்த்தால் அழுக்கு என்றுதான் பட்டது. அதைக் கழுத்தில் வைத்ததும் சிவந்தியின் முகம், எப்படி எழுதுவது, விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிற்று. பாயே கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து பார்த்தார். அடடே, இத்தனை வருஷம் கறுத்த பொண்ணுங்களுக்கெல்லாம் நான்தான் தப்பா வித்துக்கினு இருந்தேனா என்றார். சிவந்தி சிரித்துக்கொண்டே, ஆமா பாய், உங்களால எத்தினி பேரு சாம்பலா போனாளுங்களோ என்றாள்.

அளவு எடுத்ததையும் கேள். ஆலிஸ் நேராக நிற்கவைத்து அளக்கவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்து வா என்றாள். சிவந்தி நடந்தாள். பத்து வயசிலிருந்து கூடை தூக்குகிறவள், வலது கையால் பிடித்துப் பிடித்து அவள் வலது தோள் ஒரு விரல் உயரம். இதுவரை அவளுக்கு ஜாக்கெட் தைத்த டெய்லர்கள் எல்லாம் உன் உடம்பு கோணல் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். ஆலிஸ், உடம்பு ஒண்ணும் கோணல் இல்லை, அவுங்க வெட்டுதான் கோணல் என்று சொல்லி இரண்டு தோளுக்கும் தனித்தனியாக வெட்டினாள். போட்டுப் பார்த்தபோது தராசு முள் மாதிரி நேராக நின்றது. சிவந்தி கண்ணாடியில் தன் தோளையே தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

இப்போது என் தப்பு. கல்யாணத்துக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆலிஸ் சிவந்தியைக் கூட்டிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள். கவுன் முடிந்து கொடியில் தொங்குகிறது. நான் தனியாக இருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக இந்தக் கோயில் பீடத்துணியும் சாமியார் அங்கியும் என் கையில் வெளுக்கிறது, ஒரு பழுப்பு தெரிய நான் விட்டதில்லை, பெரிய சாமியாரே சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணுக்கு அந்தக் கவுன் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆலிஸ் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருந்தது, மனசில் விழவில்லை. நாளைக்குக் கோயிலில் டோரத்தி உட்கார்ந்திருப்பாள், பழுப்புத் துணியில் கல்யாணம் பண்ணினாள் செபஸ்தியம்மாள் பேத்தி தைத்த லட்சணம் என்று சொல்வாள் என்றே தோன்றியது. பிள்ளை வந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கட்டும் என்று தொட்டியில் தண்ணீர் பிடித்து நீலம் கரைத்து முக்கிவிட்டேன். ஹென்றி, சீம்பால் நிறத்தில் நீலம் ஏறினால் வெள்ளையாகாது. கோயில் துணி பருத்தி வெள்ளை, அதற்கு ஆகும். இது திட்டுத் திட்டாக, பாசி பிடித்த சுவர் மாதிரி ஆயிற்று. எடுத்துப் பார்த்தேன். அந்தத் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணிக்கு இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஆலிஸ் பார்த்தாள். உன் பெண் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், நானாக இருந்தால் ஏழு தெருவுக்குக் கேட்டிருக்கும். அவள் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எம்மா நேரம் முக்கினே ஆயா என்று கேட்டாள். ஒரு விசுவாசப்பிரமாண செபம் சொல்லி முடிக்கிற நேரம் என்றேன். அப்போ ரொம்ப உள்ள போயிருக்காது, கோயில் துணியில நீலம் கூடிப்போனா நீ இன்னா பண்ணுவே என்றாள். எனக்கு அப்போதுதான் மூளை திரும்பியது. கள்ளைப் புளிக்கவைத்த காடியில் போட்டால் நீலம் விடும், அது என் தொழில். ஆனால் வீட்டில் அரை பாட்டில்தான். தெருவில் ஐந்து வீட்டில் ஏறி இறங்கினேன், கள்ளை நிறுத்தினதிலிருந்து கள்ளுக்காடி கண்ணில் படுகிறதா, ஆளுக்கொரு கிண்ணம் கிடைத்தது. கழுத்துக்கும் கைக்கும்கூடப் பற்றாது. ஒரே ஒரு வீட்டில்தான் பழைய காடி ஜாடியோடு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலிஸ் என் முகத்தைப் பார்த்து, நான் போறேன் ஆயா என்றாள். கெடுத்தவள் நான், நான்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உன் கல்யாணத்தோடு விட்ட வாசல், இருபத்திரண்டு வருஷம் கழித்து டோரத்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, யாரு என்று கேட்டாள். யார் என்று உனக்குத் தெரியும், காடி வேணும் என்றேன். எதுக்கு என்றாள். நீ கவுன் குடுக்காத பொண்ணுக்கு என் பேத்தி ஒண்ணு தைச்சா, அதை நான் என் கையால கெடுத்துட்டேன், சரி பண்ணணும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. நக்கலாக ஏதோ வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய் ஜாடியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து வாசலில் வைத்தாள். சாட்டினைப் பிழியாதே, தண்ணி தானா வடியட்டும், ஜாடியைத் திருப்பிக் குடுத்துடு என்றாள். அவ்வளவுதான். ஜாடியை அடுத்த நாளே தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், நன்றியும் சொன்னேன். மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

அந்தக் காடி மேல்பாகத்துக்கும் இரண்டு கைக்கும் சரியாக இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் வருகிற துணியெல்லாம் பழைய சீம்பால் நிறத்துக்குத் திரும்பிற்று. பாவாடைக்குக் காடி இல்லை. கீழே முழுக்கத் திட்டு. ஆலிஸ் அதைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம் சிவந்தியைக் கூப்பிட்டு, இது உன் உடுப்பு, நீ சொல்லாம நான் கை வைக்க மாட்டேன், கீழ இருக்கிற நீலத்தை எடுக்க முடியாது, ஆனா ஒழுங்கு பண்ணலாம், இடுப்புல ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்சு காலுக்கு வர வர நீலம் கூடுற மாதிரி, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள். கல்யாணக் கவுனுக்கு நீலக் கரை யார் கண்டது. சிவந்தி குனிந்து பார்த்தாள். நொரைக்குக் கீழ தண்ணி கீற மாதிரியா அக்கா என்றாள். ஆமாம் என்றாள் இவள். அப்போ பண்ணு, கடல்லேந்து எழுந்து வந்தவன்னு தெரிஞ்சா தெரியட்டும், நான் இன்னா மலையிலேந்தா வந்தேன் என்றாள் அந்தப் பெண். ஆலிஸ் என் பக்கம் திரும்பி, திட்டு இல்லாம நீலம் போட உன்னை விட்டா ஆள் இல்ல ஆயா, வா என்றாள். கெடுத்த கையையே மறுபடி கூப்பிட்டாள். என் வயசில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார்கள், நல்லது கெட்டது எல்லாம் கணக்காக ஞாபகம் இருக்கிறது, இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. நான் தொட்டியில் ஓரத்தைத் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாகத் தூக்கித் தூக்கி முக்கினேன். கடல்காற்றில் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிட்டது.

கோயிலில் அவள் நடந்து வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் பாலாக, இறங்க இறங்க நீலமாக, நடக்கும்போது ஓரம் அலை மாதிரி. நீலம் மாதா நிறமாயிற்றே, நேர்த்தி போல என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள், நாங்கள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லை. அவள் அத்தைமார் டப்பாவோடு துரத்தியிருக்கிறார்கள், சிவந்தி வேண்டாம் என்றுவிட்டாள். டோரத்தி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். சிவந்தி தாண்டிப் போகும்போது குனிந்து ஓரத்துத் தையலைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூசை முடிந்து பொன்னுரங்கம் ஸ்டுடியோவுக்குப் போனோம். அவர் வழக்கம் என்ன தெரியுமா, கறுத்த பெண் வந்தால் முதலில் பவுடர் டப்பாவை நீட்டுவார், அதுவும் போதாது என்று போட்டோ எடுத்த பிறகு நெகடிவில் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்குவார். கல்யாணப் போட்டோவில் பாதிப் பேருக்கு யார் முகமோ இருக்கும். ஆலிஸ் அவரிடம், சார், பவுடர் வேணாம், பென்சிலும் வைக்காதீங்க, வைச்சா தெரிஞ்சிடும், நான் வந்து பார்ப்பேன் என்றாள். மனுஷன் முகம் சுண்டிப் போச்சு. யாரும்மா நீ என்றார். கவுனை வெட்டினவ என்றாள். ஒரு வாரம் கழித்துப் போனால் அந்தப் போட்டோ அவர் கடைக் கண்ணாடியில், நடுவில் தொங்குகிறது. வெள்ளை கவுன் எடுத்தால் துணி மட்டும்தான் விழும், முகம் இருட்டாகப் போகும், இதில் ரெண்டும் விழுந்திருக்கு, அதான் மாட்டினேன் என்றார். அந்தப் போட்டோவை நிறுத்திப் பார்த்துத்தான் மவுண்ட் ரோடில் துணிக்கடை வைத்திருக்கிற மிஸ் ஆக்னெஸ் காரில் நம் சந்துக்கு வந்தாள். கல்யாணக் கவுன்களுக்கே பேர் போன கடை. சிவந்தி வீட்டிலிருந்து கவுனை வாங்கி வரச் சொல்லி உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். என்னிடத்தில் தைக்க எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், வெட்டுகிற மேஜையில் ஒரு பெண் இல்லை, நீ வா என்றாள். வெட்டுகிறவள் என்றால் சும்மா இல்லை ஹென்றி, துணி முதலில் யார் கையில் போகிறதோ அவள்தான் அந்த உடுப்புக்குத் தலை. இதைத்தான் உனக்கு மீன்காரிக்குக் கவுன் தைத்தாள் என்று எழுதினார்கள்.

இனி நான் எழுதப்போவதை அடைக்கலமேரிக்கும் படித்துக் காட்டு. உங்கள் கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நான் டோரத்தி வீட்டுக்குக் கவுன் கேட்கப் போனேன். முற்றத்தில் பத்துப் பேர் இருந்தார்கள், நீயும் இருந்தாய். இந்த நிறத்துக்கு அதைப் போட்டால் கரிமூட்டைக்கு உறை தைத்த மாதிரி இருக்கும் என்றாள் டோரத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளைச் சும்மா விடவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. நீ உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கல்யாணப் போட்டோவில் உன் பெண்டாட்டி தலை குனிந்திருக்கிறாளே, வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அது வெட்கம் இல்லை. எனக்கு டோரத்தி மேல் இருக்கிற வர்மம் ஊருக்குத் தெரியும். உன் மேல் இருக்கிறது இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரு தாய் மகன் மேல் இதை வைத்துக்கொண்டிருக்கலாமா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன், சாமியார் கூடாது என்றார், நானும் சரி என்றேன், ஆனால் போகவில்லை. சிவந்தி போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அவள் தலை எப்படி நிமிர்ந்திருக்கிறது பார். அந்தத் தலையை நிமிர்த்தினது உன் மகள். அவளைப்போய்க் கப்பலில் ஏற்று என்கிறாய்.

ஆலிஸ் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சொன்னா சரி ஆயா என்று டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். துணிகளை அடுக்கினாள், கத்தரியை மட்டும் வெளியே வைத்தாள், அப்புறம் அதையும் எடுத்து உள்ளே வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு உட்கார முடியவில்லை. போன திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே மவுண்ட் ரோடுக்குப் போனேன். தகப்பன் பினாங்கில் இருக்கிறான், வளர்த்தவள் நான் இருக்கிறேன், முதலில் இவள் வெட்டுவதைப் பாருங்கள், கையெழுத்தைப் பிறகு பேசுவோம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அங்கே தண்டபாணி மாஸ்டர் என்று ஒருவர், இருபது வருஷமாக வெட்டுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கல்யாணப் பெண் அளவுக்கு வந்திருந்தாள். ஆலிஸ் அவளை வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வாங்க என்றாள். நடக்கவைத்து அளக்கிறது எந்த ஊர் வழக்கம் என்று மாஸ்டர் சிரித்தார். மீன்கூடை தூக்குற ஊர் வழக்கம் மாஸ்டர் என்றாள் உன் பெண், பணிவாகத்தான் சொன்னாள். சாட்டினை விரித்தாள், சாக்கட்டியால் நாலு கோடு, கத்தரியை வைத்தாள். பாதி வெட்டும்போது மாஸ்டர் தன் துணியை மேஜையில் இரண்டு முழம் தள்ளிப்போட்டு அவளுக்கு இடம் விட்டார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான் போலிருக்கிறது.

மிஸ் ஆக்னெஸ் ஒரு தாளை எடுத்து வைத்தாள். தகப்பன் கடுதாசி வருகிறவரைக்கும் வளர்த்தவர் கையெழுத்து போதும் என்று ஒத்துக்கொண்டாள். நான் அந்தத் தாளில் என் பேரைப் போட்டேன். செபஸ்தியம்மாள் என்று எழுத அத்தனை இடம் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, வரியைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குக் கீழே உனக்கு ஒரு வரி விட்டிருக்கிறார்கள். நாளைக்குக் காலை எட்டரைக்கு அவள் வேலைக்குப் போகிறாள். டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணி நானே பரணில் ஏற்றிவிட்டேன், கப்பலில் துணைக்கு வருவதாக இருந்த குடும்பத்தாரிடம் ஒரு ஆள் குறைவு என்றும் சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளைப் பையன் நல்ல பையனாக இருந்தால் பொறுப்பான், பொறுக்காவிட்டால் அவன் நமக்கு வேண்டாம். நீ கையெழுத்துப் போடாவிட்டால் என் கையெழுத்தில் எத்தனை நாள் ஓடுகிறதோ ஓடட்டும், நான் சீக்கிரம் சாகிற உத்தேசத்தில் இல்லை. ஆனால் அந்தப் பெண் கத்தரியை எடுக்கும்போதெல்லாம் அப்பா வேண்டாம் என்றாரே என்று நினைத்துக்கொண்டு எடுக்கக்கூடாது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அன்றைக்கு நீ பேசாமல் நின்றதற்கு அடைக்கலமேரிக்கு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. அவள் வயிற்றில் பிறந்ததற்குச் செய்யலாம்.

வருகிற பதினைந்தாம் தேதி மோட்சம் போன மாதா திருநாள், குடும்பத்தோடு பூசை பாருங்கள். சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், மார்பில் தேங்காயெண்ணெயும் கற்பூரமும் சூடு பண்ணித் தேய், அங்கத்து ஐஸ் தண்ணீரைக் கொடுக்காதே. அடைக்கலமேரியின் மார்பளவும் தோளளவும் எடுத்து அனுப்பச் சொல்லி ஆலிஸ் கேட்கிறாள், நடக்கவைத்து எடுக்க வேண்டுமாம், நீயே எடு. சர்வேசுரன் உங்கள் நாலு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், கடலும் காய்ச்சலும் உங்களைத் தொடாமல் இருக்கட்டும், மாதாவின் கை உங்கள் தலைமேல் இருக்கட்டும். பதிலை எனக்கு எழுத வேண்டாம், ஆலிஸ் பேருக்கு எழுது.

உன் அம்மா
செபஸ்தியம்மாள்

மிஸ் ஆக்னெஸ் கடைத் தாளிலும் இதே கையெழுத்துதான்.